அதே அட்டவணைக்குள் அம்மாவைத் தேடுவது: டேட்டா டேபிள் பற்றி ஒரு பயனர் விமர்சனம்

ஆர் என்ற புள்ளியியல் நிரல் மொழியில் டேட்டா டேபிள் என்றொரு பேக்கேஜ் (கூடுதல் கருவித் தொகுப்பு) உண்டு. அதைப் பற்றி யார் எழுதினாலும் வேகம் என்று தொடங்கி வேகம் என்றே முடிப்பார்கள். வேகம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அதன்மேல் உள்ள பிரியத்துக்கும் எரிச்சலுக்கும் காரணம் வேறு. ஒரு அட்டவணையில் ஒரு வரி, அதே அட்டவணையில் இருக்கும் இன்னொரு வரியைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து ஒரு மதிப்பை எடுத்து வர வேண்டும். இந்த வேலைக்கு நான் தினமும் இதைத்தான் திறக்கிறேன். இந்த விமர்சனமும் அந்த ஒரு வேலையை வைத்துத்தான். வரைபடம், மாடல், அறிக்கை எதுவும் இதில் வராது.

வேலை என்னவென்று சொன்னால்தான் மற்றது புரியும். நான் கணக்கெடுப்புத் தரவோடு மல்லுக்கட்டுகிறவள். பெரும்பாலும் தேசிய குடும்ப நல ஆய்வு, மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் (ஐ.ஐ.பி.எஸ்.) நடத்துவது. 1992-93இல் தொடங்கியது, ஐந்தாவது சுற்று 2019-21. அந்தச் சுற்றில் மட்டும் 6,36,699 வீடுகள். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி என்று ஒரு நபர் கோப்பு தருவார்கள். 28 லட்சம் வரிகளுக்கு மேல் வரும். ஒவ்வொரு வரியிலும் வீட்டு அடையாள எண், அந்த வீட்டுக்குள் அந்த ஆளின் வரிசை எண், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, ஆணா பெண்ணா, வயது, எத்தனை ஆண்டு படித்தார் என்று போகும். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒன்று கேட்டிருப்பார்கள்: அம்மா இதே வீட்டில் இருக்கிறாரா, இருந்தால் அவருடைய வரிசை எண் என்ன. இந்தக் கோப்போடு பழகியவர்களிடம் எச்.வி. 112 என்றால் போதும், புரிந்துவிடும். அம்மா அந்த வீட்டில் இல்லை என்றால் அங்கே 0. பெரியவர்களுக்கு அந்தக் கட்டம் காலி.

இப்போது யாராவது வந்து, அம்மா பத்தாவது தாண்டியிருந்தால் பெண் பிள்ளை பள்ளிக்கூடத்தில் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்பார். அம்மாவின் படிப்பு பிள்ளையின் வரியில் இல்லை. அதே கோப்பில், அதே வீட்டில், ஒரு வரி மேலேயோ நாலு வரி மேலேயோ இருக்கிறது. அதை இழுத்து வந்து பிள்ளையின் வரியில் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கற்பனையாக ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். கடைசிவரை இது நமக்கு வேண்டும். 1: தாத்தா, 67 வயது, ஐந்தாவது. 2: பாட்டி, 60, பள்ளிக்கூடமே போகவில்லை. 3: மகன், 36, பத்தாவது. 4: மருமகள், 31, பன்னிரண்டாவது. 5: பேத்தி, 9 வயது, மூன்றாவது முடித்தவள். 6: பேரன், 6 வயது. 7: திருப்பூரில் வேலை பார்க்கும் மகள் இங்கே விட்டுப்போன பையன், 14 வயது, எட்டாவது. 5ஆம், 6ஆம் ஆட்களுக்கு அம்மா எண் 4. ஏழாவது பையனுக்கு 0. மற்றவர்களுக்குக் காலி.

எக்செல்லில் வி-லுக்கப் போடலாமே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஒரு ஷீட்டில் 10,48,576 வரிகள்தான் கொள்ளும். நம் கோப்பு அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். பேச்சு அங்கேயே முடிந்தது. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் அம்மாக்களை மட்டும் தனிக் கோப்பாகச் சேமித்து, பெயர் மாற்றி, வரிசைப்படுத்தி, திரும்ப ஒட்ட வேண்டும். நடக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு துணைக் கோப்பு முளைக்கும்; மூன்று மாதம் கழித்து எது எந்தக் கோப்பு என்று தெரியாது.

ஸ்டேட்டா என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருளைப் பற்றிக் கொஞ்சம் மரியாதையாகத்தான் பேச வேண்டும். இந்தத் துறையில் பாதிப் பேர் அதில்தான் வளர்ந்தோம். வீடு வாரியாக, வரிசை எண் வாரியாக அடுக்கிவிட்டு, படிப்புப் பத்திக்கு (அட்டவணையின் நெடுவரிசைக்கு) பக்கத்தில் சதுர அடைப்புக்குள் அம்மா எண்ணைப் போட்டால் ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். நாலாவது ஆளின் படிப்பைக் கொண்டுவா என்றால் கொண்டுவரும். 0 என்று கேட்டால் காலி என்று விடும், சண்டை போடாது. அழகான விஷயம். ஆனால் அது தேடுவது வரிசை எண்ணை அல்ல, இடத்தை. வீட்டில் நாலாவதாக நிற்பவரும் வரிசை எண் 4 உள்ளவரும் ஒரே ஆளாக இருக்கும்வரைதான் அது சரி. முந்தின இரவு இந்த வீட்டில் தூங்கியவர்கள் மட்டும் போதும் என்று நீங்கள் முன்பே வடிகட்டியிருந்து, பாட்டி அன்று கோயிலுக்குப் போயிருந்தால், அவர் வரி போய்விடும். அதன்பிறகு நாலாவது இடத்தில் நிற்பது பேத்தி. அவளே அவளுக்கு அம்மா. ஸ்டேட்டா ஒரு வார்த்தை சொல்லாது.

அதே வித்தையை ஆரில் அப்படியே பெயர்த்து எழுதினால் வேறு கூத்து. ஆரில் ஒரு பட்டியலின் 0-ஆவது உறுப்பைக் கேட்டால் காலி என்று பதில் வராது, பதிலே வராது. ஏழு பேர் கேட்டால் ஆறு பதில் வரும், ஏழாவது பையனின் இடமே காணாமல் போகும். டேட்டா டேபிள் குழு வாரியாக எழுதும்போது இந்த நீளக் குறைவைப் பார்த்து நின்றுவிடும், எரர் கொடுக்கும். நல்லது. ஸ்டேட்டாவிலிருந்து வரும் எல்லோரும் முதலில் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொள்வார்கள்.

ஆர் தன் கையிலேயே வைத்திருப்பது மேட்ச் என்ற சின்ன ஃபங்ஷன். இதைத் தேடு, அதற்குள் தேடு என்று இரண்டு பட்டியல் கொடுத்தால், எந்த இடத்தில் இருக்கிறது என்று எண் தரும். இடத்தைப் பார்க்காமல் மதிப்பைப் பார்க்கிறது. அதனால் பாட்டி கோயிலுக்குப் போனாலும் கவலையில்லை. 0 என்று ஒரு வரிசை எண் கிடையாது, ஆகவே ஏழாவது பையனுக்குக் காலி. ஒரு வீட்டுக்குள் என்றால் இதைவிட எளிமையான கருவி இல்லை. சிக்கல், வீடு ஒன்றல்ல, ஆறு லட்சத்துக்கு மேல். வரிசை எண் 4 எல்லா வீட்டிலும் இருக்கும். மேட்ச் ஒரு பத்தியைத்தான் பார்க்கும். வீட்டு எண், வரிசை எண் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாது.

அதற்கு ஒரு நாட்டு வைத்தியம் செய்வார்கள்: இரண்டையும் ஒட்டி ஒரே எழுத்துச் சரமாக்கிவிட்டுத் தேடுவது. இதை எங்கே பார்த்தாலும் நான் பேனாவை எடுத்துவிடுவேன். வீடு 1, வரிசை எண் 12 என்பதை ஒட்டினால் 112. வீடு 11, வரிசை எண் 2 என்பதை ஒட்டினாலும் 112. நடுவில் ஒரு கோடு போட்டால் தப்பலாம். ஆனால் போட வேண்டும் என்று தெரிந்தவர்தான் போடுவார். 28 லட்சம் சரங்களை உருவாக்கும் நினைவகச் செலவு தனிக் கணக்கு.

டேட்டா டேபிள் இந்த இடத்தில்தான் என் மனதைப் பிடித்தது. மேட் டவுல் எழுதியது. 2006இலேயே கிரானில், அதாவது ஆர் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியத்தில், வந்துவிட்டது. பிறகு அருண் ஸ்ரீனிவாசன் சேர்ந்து இன்றைய இணைப்பு வசதிகளில் பலவற்றைக் கட்டினார். அதன் வரிசைப்படுத்தும் முறை அவ்வளவு நன்றாக இருந்ததால் 2016இல் ஆர் 3.3.0 அதைத் தனக்குள்ளேயே எடுத்துக்கொண்டது. ஆக நீங்கள் இந்தப் பேக்கேஜை நிறுவாவிட்டாலும் அதன் சரக்கைக் கொஞ்சம் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

இதில் தேடலை எழுதும் விதம் இப்படி. அட்டவணையின் பெயர், ஒரு சதுர அடைப்பு, அடைப்புக்குள் முதலில் அதே அட்டவணையின் பெயர் மறுபடியும். அடுத்து எந்தப் பத்தி எந்தப் பத்தியோடு பொருந்த வேண்டும் என்று ஒரு பட்டியல்: வீட்டு எண் வீட்டு எண்ணோடு, வெளியே நிற்கும் பிள்ளையின் அம்மா எண் உள்ளே வருபவரின் வரிசை எண்ணோடு. கடைசியில், புதிய பத்தியின் பெயர், முக்காற்புள்ளி, சமக்குறி, உள்ளே வருபவரின் படிப்பு. ஒரே வாக்கியம். துணைக் கோப்பு இல்லை, பெயர் மாற்றம் இல்லை, ஒட்டுச் சரம் இல்லை. ஆறு லட்சம் வீடுகளையும் வீடு வீடாகப் போய்த் தட்டாமல் ஒரே வீச்சில் பார்த்துவிடுகிறது. புதிய பத்தி அதே அட்டவணையிலேயே வந்து உட்காருகிறது. இன்னொரு பிரதி எடுத்து நினைவகத்தைத் தின்னாது. எட்டு ஜி.பி. மடிக்கணினியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை. தேவையான பத்திகளை மட்டும் ஏற்றினால் போதும், முழு இந்தியாவும் அடங்கிவிடும்.

பேத்தியின் வரியில் 12 வருகிறது. பேரனின் வரியில் 12. ஏழாவது பையனுக்குக் காலி. பெரியவர்கள் எல்லோருக்கும் காலி. அப்பாவின் படிப்பு வேண்டுமா? அம்மா எண்ணை எடுத்துவிட்டு எச்.வி. 114, அதாவது அப்பா எண், போட்டால் 10 வந்து நிற்கும். அம்மாவின் வயது, அம்மா முந்தின இரவு இங்கே தூங்கினாரா, எது வேண்டுமானாலும் அதே வாக்கியத்திலேயே நாலைந்து பத்திகளைச் சேர்த்து இழுக்கலாம். எழுதிப் பழகிவிட்டால் வேறு கருவிக்குக் கை போகாது.

இனி எரிச்சல்.

வெவ்வேறு இரண்டு அட்டவணைகளை இணைக்கும்போது பத்திப் பெயர்கள் வெவ்வேறாக இருக்கும். இங்கே இரண்டு பக்கமும் ஒரே அட்டவணை. எல்லாப் பெயரும் இரண்டு தடவை இருக்கிறது. உள்ளே வருபவரின் படிப்பு என்று சொல்ல, பத்திப் பெயருக்கு முன்னால் ஐ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு புள்ளியும் போட வேண்டும். அந்த ஐ-புள்ளியை விட்டுவிட்டால்? எரர் வராது. வெளியே நிற்பவரின் படிப்பையே எடுத்துக்கொள்ளும். பேத்தியின் அம்மா மூன்றாவது படித்தவர் என்று வரும், ஏனென்றால் பேத்தி மூன்றாவது படித்தவள். நாடு முழுக்க ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மாவுக்கும் ஒரே படிப்பு. ஒரு புள்ளி, ஒரு எழுத்து. வெவ்வேறு அட்டவணைகள் என்றால் இந்தப் பிழை பெரும்பாலும் தானே காட்டிக்கொடுத்துவிடும். ஒரே அட்டவணைக்குள் தேடும்போது மட்டும் கச்சிதமாக ஒளிந்துகொள்ளும். என் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் இதே மாதிரி ஒரு முடிவோடு வந்து நின்றான்.

"அக்கா, அம்மா படிப்புக்கும் பிள்ளை படிப்புக்கும் தொடர்பு சூப்பரா வந்திருக்கு, பாருங்க."

"எவ்வளவு வந்திருக்கு?"

"ஒண்ணு, அக்கா. கரெக்டா ஒண்ணு."

"கரெக்டா ஒண்ணு வந்தா சந்தோஷப்படக் கூடாதுப்பா."

"ஆனா எரர் எதுவும் வரலையே?"

அதுதான் குறை. வந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரே வீட்டில் ஒரே வரிசை எண் இரண்டு பேருக்கு இருந்தால் என்ன ஆகும் என்பது. வெளியிட்ட கோப்பில் இது இருக்காது. ஆனால் களத்திலிருந்து நேரே வரும் கோப்பில், டேப்லெட்டிலிருந்து இரண்டு தடவை அனுப்பிய பதிவுகள் இருக்கும். நம் பக்கத்துச் சின்னக் கணக்கெடுப்புகளில் எப்போதும் இருக்கும். மேட்ச் ஃபங்ஷன் முதலில் கிடைத்தவரை எடுத்துக்கொள்ளும். டேட்டா டேபிளின் முக்காற்புள்ளி வழி கடைசியில் கிடைத்தவரை வைத்துக்கொள்ளும். இரண்டும் வாயைத் திறக்காது. அதே தரவு, அதே கேள்வி, இரண்டு கருவி, இரண்டு விடை. நான் இரண்டையும் ஓட்டி ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்துக்கு வந்ததே இதனால்தான்: விடை வேறுபட்டால் கோப்பில் இரட்டைப் பதிவு இருக்கிறது என்று அர்த்தம். குறையையே தெர்மாமீட்டராகப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

பாதுகாப்பு ஒன்று வைத்திருக்கிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். முக்காற்புள்ளி இல்லாமல் சாதாரணமாக இணைக்கும்போது, விடையின் வரிகள் அளவுக்கு மீறிப் பெருகினால் நிறுத்திவிடும். கார்ட்டீசியன் என்று ஒரு செய்தி வரும். ஆனால் எது அளவு மீறல்? இரண்டு பக்கத்து வரிகளின் கூட்டுத்தொகையைத் தாண்டினால்தான். 28 லட்சமும் 28 லட்சமும் 56 லட்சம். நாலாயிரம் வரி கூடுதலாக வந்தால் அது கண்ணில்கூடப் படாது. வெள்ளம் வந்தால் மட்டும் அடிக்கும் மணி. கூரை ஒழுகினால் அடிக்காது. இந்த விஷயத்தில் ஸ்டேட்டாவின் மெர்ஜ் என்ற இணைப்புக் கட்டளை எவ்வளவோ மேல். பலருக்கு ஒருவர் என்று நீங்கள் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அந்தப் பக்கம் ஒரு இரட்டை இருந்தாலும் ஓடாது. முடிந்ததும் எத்தனை பொருந்தியது, எத்தனை பொருந்தவில்லை என்று அட்டவணை போட்டுக் கையில் கொடுக்கும். ஆரின் இன்னொரு பேக்கேஜான டிப்ளையரும் 2023இல் வந்த 1.1.0, 1.1.1 பதிப்புகளில் இதைப் பிடித்துக்கொண்டது: உறவு இன்னது என்று சொல்லலாம், பொருந்தாவிட்டால் நிறுத்து என்றும் சொல்லலாம், பலருக்குப் பலர் ஆகிவிட்டால் தானே எச்சரிக்கும். எழுதவும் வாசிக்கவும் டிப்ளையர் இலகு. புதிதாகக் கற்பவருக்கு நான் அதைத்தான் முதலில் காட்டுவேன். ஆனால் அதில் ஒரே அட்டவணைத் தேடலுக்கு அம்மாக்கள் என்று ஒரு சின்ன அட்டவணையைத் தனியாக வெட்டி, பத்திகளுக்கு வேறு பெயர் வைத்து, பிறகுதான் இணைப்போம். நாலு வரி. அந்த நாலு வரியில்தான் ஐ-புள்ளிப் பிழை நடக்க வழியில்லாமல் போகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

காலிக் கட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. டேட்டா டேபிள் காலியைக் காலியோடு பொருத்தும். மேட்சும் அப்படித்தான், டிப்ளையரும் சொல்லாவிட்டால் அப்படித்தான். எஸ்.க்யூ.எல். என்ற தரவுத்தள மொழியில் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சி. அங்கே காலி எதற்கும் சமமில்லை, இன்னொரு காலிக்குக்கூட. நம் நபர் கோப்பில் வரிசை எண் காலியாக இருக்காது, ஆகவே தப்பித்தோம். ஆனால் ஊழியர் பட்டியலில் மேலாளரைத் தேடுகிறீர்கள் என்று வையுங்கள். முதலாளிக்கு மேலாளர் இல்லை, அந்தக் கட்டம் காலி. ஊழியர் எண் பதியாமல் விட்ட ஒரு காவலாளி பட்டியலில் இருந்தால், முதலாளி அவருக்குக் கீழே வேலை பார்ப்பதாகக் கணினி முடிவு கட்டிவிடும். தேடுவதற்கு முன் காலியான சாவிகளை, அதாவது பொருத்திப் பார்க்கும் பத்திகளில் உள்ள காலிக் கட்டங்களை, ஒதுக்கி வைப்பது உங்கள் பொறுப்பு.

இன்னொன்று டேட்டா டேபிளின் குற்றமல்ல, ஆனால் அதன் தலையில் விழுவது. இந்த ஆய்வுக் கோப்புகள் ஸ்டேட்டா வடிவத்திலும் கிடைக்கும். ஆரில் ஹேவன் என்ற பேக்கேஜால் திறப்போம். எண்களுக்குப் பக்கத்தில் விளக்கச் சொற்கள் ஒட்டியிருக்கும். பார்க்க வசதி என்று எல்லாப் பத்தியையும் சொற்களாக மாற்றிவிடுவார்கள். அம்மா எண் பத்தியில் 0 என்பது அம்மா வீட்டில் இல்லை என்ற சொல்லாக மாறும். பிறகு தேடுவதற்காக அதைத் திரும்ப எண்ணாக்குவார்கள். ஆர் என்ன தரும் தெரியுமா? பழைய எண்ணை அல்ல, அந்தச் சொல் பட்டியலில் எத்தனையாவது என்ற எண்ணை. 0 முதலாவது, ஆகவே 1. 1 இரண்டாவது, ஆகவே 2. எல்லோரும் ஒரு படி நகர்ந்துவிட்டார்கள். நம் வீட்டுக்கு வாருங்கள். ஏழாவது பையனின் அம்மா இப்போது வரிசை எண் 1: தாத்தா. பேத்திக்கு 4 இருந்த இடத்தில் 5: அவளே அவளுக்கு அம்மா. பேரனுக்கும் 5: அக்கா அம்மாவாகிவிட்டாள். பொருத்தம் பிள்ளைகள் எல்லோருக்கும் கிடைத்திருக்கிறது, அவர்களில் ஒரு காலி இல்லை. முன்பைவிட நன்றாக இருக்கிறதே என்று தோன்றும். சராசரியைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இதனால் தேடல் முடிந்ததும் நான் விடாமல் பார்ப்பவை உண்டு. அம்மா எண் 0க்கு மேல் இருந்த பிள்ளைகள் எத்தனை பேரோ அத்தனை பேருக்குத்தான் அம்மா கிடைத்திருக்க வேண்டும், ஒன்றுகூடக் கூடவோ குறையவோ கூடாது. அட்டவணையின் மொத்த வரிகள் மாறியிருக்கக் கூடாது. அம்மாவின் பாலினத்தையும் வயதையும் சேர்த்தே இழுத்துவிடுவேன். எங்கள் கணக்குக்கு வேண்டாம் என்றாலும் இழுப்பேன். அம்மாக்களில் ஆண்கள் எத்தனை, பிள்ளையைவிட 12 வயதுகூட மூத்திராத அம்மாக்கள் எத்தனை என்று எண்ணினால் மேலே சொன்ன கூத்துகள் எல்லாம் அந்த இடத்திலேயே வெளியே வந்துவிடும். தாத்தா ஆண் என்பதால் மாட்டுவார். பேத்திக்கும் அவளுக்கும் வயது வித்தியாசம் பூஜ்யம் என்பதால் மாட்டுவாள். இந்த இரண்டு எண்ணிக்கையை எழுத ஒரு நிமிடம் ஆகாது.

வடிகட்டுவது எப்போது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் வரும் குறிப்புகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். பிள்ளைகளைப் பற்றித்தானே ஆய்வு என்று முதல் வரியிலேயே 18 வயதுக்கு மேற்பட்டவர்களை நீக்கிவிடுவார்கள். அம்மாக்கள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு அம்மாவைத் தேடினால் யார் கிடைப்பார்? முதலில் தேடு, பிறகு வடிகட்டு. அதிலும் மோசம், பாதி வடிகட்டல். முந்தின இரவு தூங்கியவர்கள் மட்டும் என்று நீக்கினால், ஊருக்குப் போயிருந்த அம்மாக்கள் மட்டும் காணாமல் போவார்கள். வேலைக்காகவோ பிரசவத்துக்காகவோ வெளியே போன அம்மாக்கள் எல்லாருமே தற்செயலாக விழுந்தவர்கள் அல்ல. முடிவு ஒரு பக்கமாகச் சாயும்.

சின்னச் சின்ன எரிச்சல்கள் வேறு. ஒரு ஃபங்ஷனுக்குள் முக்காற்புள்ளியால் பத்தி சேர்த்தபின் அட்டவணையின் பெயரை அடித்தால் முதல் தடவை திரையில் ஒன்றும் வராமல் போகலாம். கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்பட வைக்கும். அட்டவணையை இன்னொரு பெயரில் வைத்துக்கொண்டால் அது பிரதி என்று நம்பிவிடாதீர்கள். இரண்டு பெயரும் ஒரே பொருளைத்தான் காட்டும், ஒன்றில் பத்தி சேர்த்தால் மற்றதிலும் சேரும். காப்பி என்று தனியாகக் கேட்க வேண்டும். உதவிக் குறிப்புகள் விரிவானவை. சாவிகள், இரண்டாம்நிலைக் குறியீடுகள் பற்றிய நீள்கட்டுரைகள் அருமை. ஆனால் உதாரணங்கள் பெரும்பாலும் விமான அட்டவணையைச் சுற்றியே ஓடும். ஒரு அட்டவணை தன்னையே தேடும் இந்த வேலைக்கு அங்கே சும்மா தொட்டுவிட்டுப் போகிறார்கள்.

சரியாகப் பொருந்தாத தேடலிலும் இது கெட்டிக்காரன் என்பதைச் சேர்க்காவிட்டால் பாவம். அதே நாளில் விலை இல்லாவிட்டால் அதற்கு முந்தின கடைசி விலையை அதே அட்டவணையில் தேடு என்றால் உருட்டி எடுத்துத் தரும். இதைவிடப் பெரியது ஆனால் அதைவிடச் சிறியது என்ற நிபந்தனைகளோடும் தேடும்; அது 2016இல் வந்த 1.9.8 பதிப்பிலிருந்து. ஒரு எச்சரிக்கை: அப்படித் தேடும்போது விடையில் பத்திப் பெயர் ஒருவருடையதாகவும் உள்ளே இருக்கும் மதிப்பு மற்றவருடையதாகவும் இருக்கும். வெளியே நிற்பவரின் மதிப்பு வேண்டுமென்றால் பத்திப் பெயருக்கு முன்னால் எக்ஸ்-புள்ளி போட்டுக் கேட்டு வாங்குங்கள்.

இலவசம். ஆரைத் தவிர வேறு எந்தப் பேக்கேஜையும் கேட்காது. இணையம் சரியாக இல்லாத ஆபீஸில் ஒரே கோப்பாக எடுத்துப்போய் நிறுவலாம். வருடக்கணக்காக ஓடும் என் பழைய நிரல்கள் இன்னும் ஓடுகின்றன. டிப்ளையரில் எழுதியவற்றைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலு. கழித்த ஒன்று ஐ-புள்ளிக்கும், அந்த வாய் திறக்காத கடைசி ஆளுக்கும்.

யார் வாங்கலாம், அதாவது யார் நிறுவலாம்: லட்சக்கணக்கில் வரிகள், ஒரே கோப்பில் உறவுகள், மாதாமாதம் அதே வேலை என்றால் தயங்காமல். நூறு இருநூறு வீட்டுக் கணக்கெடுப்பு, வருடத்துக்கு ஒருமுறை என்றால் மேட்ச் போதும், இதைக் கற்கும் நேரம் வீண். மேக் வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஓப்பன்-எம்.பி. வசதி இல்லாமல் நிறுவினால் இது ஒரே திரியில்தான் (த்ரெட்) ஓடும், அதாவது வேலையைப் பிரித்து ஒரே சமயத்தில் செய்யாது. பேக்கேஜை ஏற்றும்போதே அந்தச் செய்தி திரையில் வரும், படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். விண்டோஸில் அந்தத் தொல்லை இல்லை. கணினியின் பாதித் திரிகளைத் தானே எடுத்துக்கொள்ளும், கூடுதலாக வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.